முன்னுக்குத் தள்ளிய இருக்கை

என் காரை என்னைத் தவிர வேறு யாராலும் ஓட முடியாது. பூட்டிவைத்திருப்பதால் அல்ல. ஓட்டுகிறவர் இருக்கிற இடத்தில் என்னைவிட உயரமான ஆள் இருந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும், தலை கூரையில் முட்டும். இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அதைத் தெரிந்தே செய்தேன்.

நான் கட்டை. ஊரில் இருந்தபோது அது எனக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. கலியாணம் செய்து சுவிசுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொரு நாளும் தெரியத் தொடங்கியது. குசினியின் மேல்தட்டு எட்டாது. பஸ்ஸில் பிடிக்கிற வளையம் எட்டாது. இன்டர்லாக்கனில் நான் வேலை செய்த முதல் ஹோட்டலின் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற மேசை என் நெஞ்சளவு உயரம். முதல் நாளே ஒரு பியர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஏறி நின்று படுக்கை விரிப்புகளை மடித்தேன். பெட்டி உடைந்தால் இன்னொரு பெட்டி. மேசைக் காலைக் கொஞ்சம் அறுத்துத் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எதற்கும் வாய் வராது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபோது என் குரல் எப்படி இருக்கும் என்பது பாதி ரீச்சர்மாருக்குத் தெரிந்திருக்காது.

லைசன்ஸ் எடுத்தது நாற்பது வயதுக்குப் பிறகு. கணவரின் காரில் முதுகுக்கு ஒரு குஷன், இருக்க ஒரு குஷன் வைத்து ஓடுவேன். நான் இறங்கியதும் அவர் ஏறி, குஷன்களைப் பின்னால் எறிந்துவிட்டு, இருக்கையை டக்கென்று பின்னுக்குத் தள்ளுவார். அடுத்த முறை நான் குஷன்களைத் தேடி எடுத்து, இருக்கையை முன்னுக்கு இழுத்து, மூன்று கண்ணாடிகளையும் திருப்பி, அதற்குப் பிறகுதான் வெளிக்கிடலாம். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. தன் வீட்டில் தன் செருப்பைப் போடுவதுபோல அவருக்கு அது. ஆனாலும் அந்த டக் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஹோட்டலின் பழைய குதிரை லாயத்தில் ஒரு அமெரிக்கக் கார் நின்றது. அறுபதுகளின் கடைசியில் செய்தது. இரண்டு கதவு, கட்டில்போல நீண்ட முன்பக்கம், எட்டு சிலிண்டர் இயந்திரம். வேகத்துக்கென்றே செய்த அந்த வகையை அங்கே மசில் கார் என்பார்கள். முதலாளி இளமையில் ஆசைப்பட்டுக் கொண்டுவந்தது. பிறகு அவருக்கு முதுகு வலி வந்தது, காருக்குத் துரு வந்தது. மேசை விரிப்புகளைக் கொண்டுபோய் அடுக்க அந்த லாயத்துக்குப் போகும்போதெல்லாம் அதன் பக்கத்தில் கொஞ்சம் நிற்பேன். ஏன் என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது. அவ்வளவு பெரிய பொருள் வெட்கமே இல்லாமல் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அதுவாக இருக்கலாம்.

ஹோட்டலை விற்றபோது கட்டில், அலுமாரி எல்லாவற்றையும் குப்பை லொறியில் ஏற்றினார்கள். காரையும் இழுத்துக்கொண்டு போக ஆள் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். அன்று முழுவதும் துவாய் மடித்தபடி ஒரே ஒரு ஜேர்மன் வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பின்னேரம் முதலாளியிடம் போய் எனக்கு அந்தக் கார் வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். ஓடப்போகிறேன் என்றேன். கொண்டுபோ என்று சாவியைத் தந்தார்.

கணவர் ஒரு உணவகத்தில் சமையல் வேலை செய்பவர், அதிகம் கதைக்காதவர். அன்று கதைத்தார். இவ்வளவு காலம் ஒன்றும் கேட்காத நீர், கேட்டதுதான் கேட்டீர், ஓடுகிற காராகப் பார்த்துக் கேட்டிருக்கக் கூடாதோ என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் காரைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஊருக்கு வெளியே மாடு வளர்க்கும் ஒரு பெண் தன் கொட்டகையில் ஒரு மூலையைத் தந்தாள். ஹோட்டலுக்குப் பால் கொண்டுவருகிறவள், என் வயதுதான். உழவு இயந்திரத்தைத் தானே திருத்துவாள், உடைந்த இரும்பை வெல்டிங் பிடித்துத் தானே ஒட்டுவாள். என்னைப் போலவே கதை குறைவு. சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் அரை நாள் வேலை செய்து நாலு வசனம் கதைத்திருப்போம். அவளுடைய உழவு இயந்திரத்தின் முன் கரத்தில் சங்கிலி கட்டித்தான் அந்த எட்டு சிலிண்டரையும் வெளியே தூக்கினோம். எண்ணெய் சொட்டச் சொட்ட அது அந்தரத்தில் ஆடியபோது மாடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

வேலைக்குச் சில வருடங்கள் எடுத்தன. தரைத் தகடு துருப்பிடித்து, காலை வைத்தால் மண் தெரியும். அவள் புதுத் தகடு ஒட்டினாள், நான் அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தினேன். கார்புரேட்டரைக் கழற்றித் துண்டு துண்டாகப் பழைய மேசை விரிப்பில் அடுக்கி, கழுவி, படங்களைப் பார்த்துத் திரும்பப் பூட்டினேன். முதல் தடவை ஒரு சின்ன இரும்புக் குண்டு மிச்சம் வந்தது. திரும்பக் கழற்றினேன். பிரேக் பழைய வகை, இந்த மலை இறக்கங்களில் சூடேறினால் பிடிக்காது என்று அவள் சொன்னாள். முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் போட்டோம். இருக்கை உறையை நான் தைத்தேன். புது முதலாளி எறிந்த வெயில் மறைப்புத் துணி, கரும்பச்சை நிறம், முரட்டுத் துணி. ஹோட்டல் தையல் இயந்திரத்தில் இரண்டு ஊசி முறிந்தது.

அந்த இருக்கையில்தான் பிரச்சினை. வாங்குபோல ஒரே நீளமாக இருக்கிற இருக்கை அது, ஓட்டுகிறவரும் பக்கத்தில் இருப்பவரும் ஒன்றாகத்தான் முன்னுக்கும் பின்னுக்கும் போகலாம். கடைசி மட்டும் முன்னுக்கு இழுத்தும் பிரேக்கை முழுதாக மிதிக்க எனக்குக் கால் காணவில்லை. கொட்டகைக்காரி குஷன் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இருக்கை நிற்கிற இடத்தை மாற்றுவோம் என்றேன். தரையில் புதுத் துளை போட்டு, கீழே தடித்த இரும்புத் தகடு வைத்து, வாங்கு முழுவதையும் முன்னுக்குக் கொண்டுவந்து ஒரு சாண் உயர்த்தினோம். பின்னுக்குத் தள்ளுகிற தண்டவாளத்தை எடுத்தே விட்டேன். பக்கத்து ஊர்க் கராஜ்காரர் வந்து இழுத்து, தட்டிப் பார்த்து, உறுதி என்று எழுதிக் கொடுத்தார்.

பூட்டி முடித்து ஏறி இருந்தேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. பிரேக் காலுக்கு வந்தது. ஸ்டியரிங்குக்கு மேலால் பார்க்கக் கழுத்தை நீட்ட வேண்டியிருக்கவில்லை. இந்த நாட்டில் நான் ஏறி நின்றதும் எட்டிப் பிடித்ததும் போதும் என்று அப்போது நினைத்தேன். கொட்டகைக்காரி வாசலில் நின்று பார்த்துவிட்டு மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டாள்.

வாகனப் பரிசோதனை நிலையத்தில் காரைப் பரிசோதித்தவர் நல்ல மனிதர். காரைத் தூக்கிக் கீழே வெளிச்சம் அடித்துப் பார்த்து, ஒட்டு வேலை சுத்தம் என்றார். ஓடலாம். ஆனால் பழைய மாதிரியே இருக்கிற கார்களுக்கு இங்கே தனிப் பதிவு ஒன்று உண்டு. அது கிடைத்தால் அடிக்கடி பரிசோதனைக்குக் கொண்டுவரத் தேவையில்லை. பிரேக் மாற்றியதை விட்டுவிடலாம், அது பாதுகாப்புக்கு, ஆனால் இருக்கையைப் பழைய இடத்தில் வைத்தால்தான் அந்தப் பதிவைத் தரலாம் என்றார். வைத்துக்கொண்டு வாருங்கள், காத்திருக்கிறேன் என்ற மாதிரிச் சொன்னார். அப்படியென்றால் எனக்கு அந்தப் பதிவு வேண்டாம் என்றேன். சாவியை வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

கோடையில் ஏரிப்பக்கம் அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்கள் கூடுவார்கள். ஒரு முறை போனேன். தொப்பி போட்ட ஒருவர் இயந்திரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கதவால் உள்ளே எட்டிப் பார்த்து "ஷாட" என்றார், பாவம், வீணாக்கிவிட்டாய் என்கிற அர்த்தத்தில். செய்தபடியே வைத்திருக்க வேண்டிய கார் என்று நீளமாக விளக்கினார். அந்தத் தொழிற்சாலையில் என் அளவுக்காரியை நினைத்து யாரும் எதையும் செய்யவில்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது. என் ஜேர்மன் அவ்வளவு தூரம் போகாது. கதவைச் சாத்தினேன்.

இதெல்லாம் வெளியாட்கள். பிறகு வீட்டுக்குள் வந்தது.

கணவரின் தமையன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், பேர்னில் இருக்கிறார். அவருடைய மகளுக்கு ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை வீடு அதே நகரத்தின் பூம்ப்ளிஸ் பகுதியில். மாப்பிள்ளையைப் பெண் வீட்டார் கார் அனுப்பி மண்டபத்துக்கு அழைத்துவர வேண்டும். இப்போது எங்கள் சனம் அதற்கு வெள்ளை நிறத்தில் நீளக் கார்களை வாடகைக்கு எடுக்கிறார்கள். அத்தான் என் காரைப் பற்றி அதுவரை சொன்னதெல்லாம், பழைய இரும்புக் கடை என்பதும், தம்பி மனிசியைக் கட்டுப்படுத்தத் தெரியாதவன் என்பதும்தான். இருக்கைத் துணியின் அதே கரும்பச்சையில் சாயம் அடித்து முடித்த படத்தைக் கணவர் அனுப்பியதும் அவர் கதை மாறிவிட்டது. அந்தக் கார்தான் மாப்பிள்ளைக் கார் என்றார்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது, மறைக்கவில்லை. என்ன சேலை கட்டுவது என்றுகூட யோசித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரோடு அத்தானும் அவருடைய மகனும் கொட்டகைக்கு வந்தார்கள். மகன் எனக்குப் பெறாமகன் முறை, இங்கே பிறந்து வளர்ந்த நெடுவல். அவனிடம் சாவியைக் கொடுக்கும்படி அத்தான் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஓடப்போவது அவன், நான் மண்டபத்தில் தட்டு ஏந்தி நிற்பேன் என்று.

பெறாமகன் ஏறப் பார்த்தான். ஒரு கால் போனது. மற்றக் கால் போகவில்லை. தலையைச் சரித்து, வயிற்றை எக்கி ஒருமாதிரி உள்ளே போனான். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் தவளைபோல நின்றன. அவன் சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

"அப்பா, ஏலாது. சித்தி எனக்கு எதிராத்தான் இந்தக் காரைச் செய்திருக்கிறா."

அத்தான் சிரிக்கவில்லை. கீழே குனிந்து பார்த்தார். "நாலு போல்ட்தானே. பின்னுக்குத் தள்ளிப் பூட்டினாச் சரி. கலியாணம் முடிய நீர் திரும்பவும் உம்மடை இடத்திலை வையும்."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மாட்டேன் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. என்ன என்று கேட்டார். இன்னொரு முறை சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டுத் தன் தம்பியைப் பார்த்தார். கணவர் கொட்டகைக் கூரையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது கணவர் கதையைத் தொடங்கினார். ஒருநாள்தானே, அண்ணைக்கு ஒரே ஒரு மகள், நாங்கள் விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துபோகும் என்றார். நான் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்கடை காரிலை எத்தினை வருசமா நான் சீற்றை முன்னுக்கு இழுத்தனான்? நீங்கள் ஒருநாள் எனக்காக இழுத்து விட்டனீங்களோ?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், எனக்குத் தெரியும். பிறகு என் கோப்பையையும் எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். அடுத்த நாள் தமையனுக்கு அவரே போன் எடுத்தார். அவ ஓடினால்தான் கார் வரும் என்று சொல்லிவிட்டு என்னிடம் தந்தார்.

"பொம்பிளை ஓடி மாப்பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கிறதோ? சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பினம், பிள்ளை?" என்றார் அத்தான்.

"அப்ப விடுங்கோ, அத்தான். பூம்ப்ளிஸிலையிருந்து ட்ராம் ஓடுதுதானே."

அவர் போனை வைத்துவிட்டார். இரண்டு கிழமை ஒரு செய்தியும் இல்லை. பிறகு பெறாமகன் குறுஞ்செய்தி அனுப்பினான்: சித்தி, காலை ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வாசலில் நில்லுங்கோ. வாடகைக் கார்களெல்லாம் முடிந்துவிட்டன என்று பின்னர் அறிந்தேன். எனக்கு அதனால் குறை ஒன்றுமில்லை.

கலியாணத்தன்று காலை தூன் ஏரிக் கரையால் தனியே ஓடினேன். மாம்பழநிறச் சேலை, காலுக்குத் தட்டையான செருப்பு. தண்ணீர் அசையாமல் கிடந்தது. முன்னால் அந்த நீளக் கரும்பச்சை முகம் வளைவுகளில் மெல்லத் திரும்பியது. கணவர் முன்னதாகவே மண்டபத்துக்குப் போயிருந்தார்.

பூம்ப்ளிஸில் அத்தானின் கூட்டாளிமார் பூவோடு காத்திருந்தார்கள். கதவில் பூ, கண்ணாடியில் பூ. கடைசியாக ஒரு பாய் அளவு பூத்தட்டி, நடுவில் மாப்பிள்ளை பொம்பிளையின் முதல் எழுத்துகள். அதைக் காரின் முகத்துக்குக் குறுக்கே, காற்றுப் போகிற கம்பிகளை முழுவதும் மூடிக் கட்டினார்கள். அதால் காற்றுப் போக வேண்டும், பின்னால் ரேடியேட்டர் இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். என் குரலில் சொன்னேன், ஆகவே யாருக்கும் கேட்கவில்லை. வீடியோக்காரர் சொன்னது மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

பெரிய தெருவில் வேகமாக ஓடும்வரை இயந்திரத்தின் சூட்டைக் காட்டுகிற ஊசி ஓரளவு நின்றது. மண்டபத்துக்குக் கிட்டே வந்ததும் மேளக்காரர் முன்னால் சேர்ந்துகொண்டார்கள். நாதஸ்வரம் நடக்கிற வேகத்தில் எட்டு சிலிண்டரும் ஊர்ந்தது. ஆவணி வெயில், மூடிய முகம். ஊசி ஏறத் தொடங்கியது. சூட்டை இயந்திரத்திலிருந்து இழுக்க ஒரு வழி உண்டு, குளிர்காலத்துச் சூடாக்கியை முழுதாகத் திறந்துவிடுவது. திறந்தேன். பின்னால் தலைப்பாகையும் பட்டுமாக இருந்த மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"அன்ரி, இது ஹீட்டரோ?"

"ஓம் தம்பி. குறை நினையாதையும்."

பின்னால் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தோழனாக இருந்த பெறாமகன் தன் சால்வையால் அவருக்கு விசிறினான். ஊசி இன்னும் ஏறியது. நான் காரை நிறுத்தினேன். மேளம் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது, மாப்பிள்ளை இல்லாமல்.

இறங்கினேன். சலவைக்கூடத்தில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல் என் கைப்பையில் எப்போதும் இருக்கும். பூத்தட்டியைக் கட்டியிருந்த முதல் நூலை வெட்டினேன். சனம் இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. இத்தனை பேர் ஒன்றாக என்னைப் பார்த்தது என் கலியாணத்துக்குப் பிறகு அன்றுதான். அத்தான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"நல்ல காரியத்திலை பூவிலை கத்தரிக்கோல் வைக்கிறதோ? இன்னும் கொஞ்ச தூரந்தானே. வீடியோ இன்னும் எடுத்து முடியேல்லை."

"கார் என்ரை. பூ உங்கடை," என்றேன். "இந்தாங்கோ, பிடியுங்கோ."

அவர் பிடித்தார். வேறு என்ன செய்வது, கையில் வைத்துவிட்டேன். நான் ஏறி, கியரில் போடாமல் காலை மெல்ல அழுத்தினேன். விசிறி வேகமாகச் சுழல அப்படிச் செய்ய வேண்டும். அந்த உறுமலில் தவில்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஊசி நின்றது, பிறகு இறங்கியது. மேளக்காரர் திரும்பி வந்தார்கள். இந்தமுறை பூத்தட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி அத்தான் காருக்கு முன்னால் நடந்தார், நான் பின்னால் ஓடினேன். வீடியோவில் அது நன்றாக வந்திருக்கிறது. யாரோ அவரை அப்படி நடக்கச் சொல்லித் திட்டம் போட்டதாகத்தான் தெரியும்.

மண்டபத்தில் நான் மேடைக்குப் போகவில்லை. படத்துக்கு நிற்க இப்போதும் கூச்சம். பின் வரிசையில் இருந்து சாப்பிட்டேன். காரைத் தள்ளி நிறுத்த வேண்டும் என்று யாரோ சாவி கேட்டு வந்தார். நான் எழும்பிப் போய் நிறுத்திவிட்டு வந்தேன்.

பின்னேரம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பூம்ப்ளிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். அவர்கள் பின்னால் ஏறினார்கள். மகளை விட்டுவிட்டுவர அத்தான் முன்னால் ஏற வந்தார். கதவைத் திறந்தவர் வாங்கைப் பார்த்தார், முன்தட்டைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடம் என் கால்களுக்கு அளந்தது.

"பிள்ளை, இதைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள ஏலாதோ?"

"ஏலாது, அத்தான். காலை மடக்கி இருங்கோ."

அவர் வேட்டியை மடித்து, ஒரு காலை உள்ளே வைத்து, மற்றதைக் கையால் தூக்கி வைத்து, முழங்கால் இரண்டும் நாடிக்குக் கிட்டே வர இருந்தார். பின்னால் மகள் சிரிப்பை அடக்குவது கேட்டது. அவர் பெல்ட்டைப் போடும்வரை பொறுத்து நின்று, காரை எடுத்தேன்.